உங்க நேட்டிவ் எதுங்க? – ஒரே ஒரு சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பம் நிரப்பக் காசு வாங்குவேன். அதில் இருக்கும் ஆங்கிலத்துக்கு அர்த்தம் சொல்லக் காசு வாங்குவதில்லை. இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் படுத்தியது ஒரு சொல்தான்: நேட்டிவ். வாயில் சரளமாக வருகிறது, காகிதத்தில் பார்த்ததும் பேனா நின்றுவிடுகிறது. "ணா, நேட்டிவ்னு போட்டிருக்கு, நான் எந்த ஊரைப் போடறது?" என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும், கல்லாவுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் சொல்லும் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

நேட்டிவ் என்றால் சொந்த ஊர். இதில் கேட்க என்ன இருக்கிறது?

தமிழில் பேசும்போது ஒன்றும் இல்லை. "நேட்டிவ் எது?" "அரூர்." முடிந்தது.

ஆங்கிலத்தில் அது ஊரைக் குறிக்கும் சொல் அல்ல. இன்னொரு சொல்லுக்கு முன்னால் ஒட்டி வந்தால் 'பிறப்போடு வந்த', 'பிறந்த இடத்துக்குரிய' என்று பொருள். தனியாக நின்றால் அது ஆளைக் குறிக்கும், அதாவது அந்த இடத்தில் பிறந்தவர். 'மை நேட்டிவ் இஸ் அரூர்' என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னால், 'என் உள்ளூர்க்காரர் அரூர்' என்பதுபோலத்தான் அவர் காதில் விழும். நாம் செய்தது இவ்வளவுதான்: 'நேட்டிவ் பிளேஸ்' என்பதில் பிளேஸைக் கழற்றிவிட்டோம். பஸ் ஸ்டாண்டை 'ஸ்டாண்டு' ஆக்கின மாதிரி.

இது தப்பா என்று கேட்டால், இந்தியா முழுக்க இப்படித்தான் பேசுகிறார்கள், நான் சிவப்பு மையால் அடிக்க மாட்டேன். ஆனால் நேர்காணலில் எதிரே வெளிநாட்டுக்காரர் இருந்தால் 'ஐ ஆம் ஃப்ரம் அரூர்' போதும். அவருக்கும் புரியும், உங்களுக்கும் நாக்கு தடுக்காது.

ஒரே விண்ணப்பத்தில் பிறந்த இடம், நேட்டிவ், நிரந்தர முகவரி என்று மூன்று கட்டம் இருக்கிறது. மூன்றிலும் ஒரே ஊரைப் போடலாமா?

மூன்றும் ஒன்றாக இருந்தால் போடுங்கள். நம் பக்கம் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

போன மாதம் வந்த ஒரு பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வீட்டுக்குத் தலைப்பிள்ளை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அம்மாவின் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், அங்கே ஆஸ்பத்திரியில் பிறந்தான். அப்பா ஊர் ஊத்தங்கரை தாண்டி, நிலமும் குலதெய்வமும் அங்கே. அப்பா ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது, ரேஷன் கார்டும் ஆதாரும் ஓசூர். "பிறந்த இடம்?" என்றேன். "ஊத்தங்கரை" என்றான். "அங்கேயா பிறந்தே?" "இல்லணா, பிறந்தது காவேரிப்பட்டணம். ஆனா நம்ம ஊரு ஊத்தங்கரைதானே?" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கட்டம் கேட்பது வேறு. பிறந்த இடம் என்றால் பிறப்புச் சான்றிதழில் என்ன அச்சாகியிருக்கிறதோ அது, ஒரு எழுத்து கூட மாறாமல். நேட்டிவ் என்றால் குடும்பத்தின் பூர்வீகம். நிரந்தர முகவரி என்றால் தபால் போட்டால் கைக்குக் கிடைக்கிற, கையில் ஆதாரம் உள்ள முகவரி. அந்தப் பையனுக்குக் காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை, ஓசூர் என்று மூன்று கட்டத்திலும் மூன்று ஊர் வந்தது.

கடை ஆரம்பித்த புதிதில் நானே இதில் அடி வாங்கியிருக்கிறேன். ஒருவருக்குப் பிறந்த இடத்தில் பூர்வீக ஊரைத் தட்டிவிட்டேன். பிறப்புச் சான்றிதழோடு பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. இரண்டாம் முறை கட்ட வேண்டிய பணத்தை என் கல்லாவிலிருந்துதான் எடுத்தேன். அன்றிலிருந்து பிறப்புச் சான்றிதழை மேஜைமேல் விரித்து வைக்காமல் அந்தக் கட்டத்தைத் தொடுவதில்லை.

எங்கள் தாத்தாவின் பழைய சான்றிதழில் சேலம் மாவட்டம் என்று இருக்கிறது. நாங்கள் சேலத்துக்காரர்களா?

இல்லை. தாத்தா உட்கார்ந்த திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். மாவட்டம்தான் அவரைத் தாண்டிப் போனது.

இந்தப் பக்கம் முழுவதும் முன்பு சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமானது, கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதில் சேர்ந்தன. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. ஆக, 1960-இல் கிருஷ்ணகிரியில் பிறந்து ஊரை விட்டே நகராதவருக்குக் கூட மூன்று மாவட்டம். பிறந்தது சேலம், படித்தது தருமபுரி, ஓய்வூதியம் வாங்குவது கிருஷ்ணகிரி. ராஜாஜிக்கும் இதே கதைதான். அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில். பழைய நூல்களில் 'சேலம் மாவட்டம்' என்று படித்துவிட்டு, சேலத்தில் போய் இறங்கித் தேடினால் கிடைக்காது.

நேட்டிவ் கட்டத்தில் இன்றைய மாவட்டத்தை எழுதுங்கள். பழைய ஆவணத்தின் நகலை இணைக்கும்போது யாராவது புருவம் தூக்கினால் இந்த இரண்டு தேதிகளைச் சொன்னால் போதும்.

நேட்டிவிட்டி சான்றிதழ் யாருக்கு வேண்டும்?

தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்று அரசு தரும் காகிதம் அது. பள்ளிப் படிப்பை இங்கேயே முடித்தவர்களிடம் பல இடங்களில் கேட்க மாட்டார்கள், பள்ளிச் சான்றிதழே பேசிவிடும். அப்பா பெங்களூரில் வேலை பார்த்து, பிள்ளை அங்கே பள்ளி படித்து, இங்கே தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிச் சீட்டுக் கேட்கும்போதுதான் இது இல்லாமல் நகராது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிக் குடும்பங்களில் இது சாதாரணம். இ-சேவை மையத்தில் பதிந்தால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பார்த்து அனுப்ப, தாலுகா அலுவலகத்தில் முடிவாகும். எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்புவரை இங்கே படித்திருக்க வேண்டும் என்பது படிப்புக்குப் படிப்பு வேறு, அந்த வருஷத்துக் கையேட்டைப் பாருங்கள். கவுன்சிலிங் தேதி வந்தபிறகு ஓடி வராதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் வெறுமனே 'நேட்டிவிட்டி' என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஏசுவின் பிறப்பு. கிறிஸ்துமஸுக்கு மாட்டுத் தொழுவம், வைக்கோல், குழந்தை என்று குடில் வைக்கிறார்களே, அதற்குப் பெயரே 'நேட்டிவிட்டி சீன்'. வெளிநாட்டு நண்பரிடம் 'தாசில்தாரிடம் நேட்டிவிட்டி வாங்கப் போகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கு தெரியும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? நேட்டிவ்வுக்கே நேட்டிவ் எது?

லத்தீன். 'நாஸ்கி' என்றால் பிறத்தல். அதிலிருந்து 'நாடிவுஸ்', பிறப்பால் வந்தது என்று பொருள். பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. நேஷன், நேச்சர் இரண்டும் இதன் உடன்பிறப்புகள். ரினைசான்ஸ் என்றால் மறுபிறப்பு, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'நயீவ்'. விவரம் தெரியாத, வெகுளியான என்று பொருள். அதுவும் இதே 'நாடிவுஸ்' தான், பிரெஞ்சில் தேய்ந்து தனியாக வந்து சேர்ந்தது. பிறந்தபடியே இருக்கிறான், உலகம் இன்னும் ஒட்டவில்லை என்பதுதான் கருத்து. ஆக நேட்டிவ்வும் நயீவும் ஒரே சொல், இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கியது.

இன்னும் பின்னால் போனால் சங்கதி நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான பழைய வேர் ஒன்று உண்டு, பிறப்பைக் குறிப்பது. அங்கே அது 'நாஸ்கி' ஆனது, இங்கே ஜனனம், ஜன்மம், ஜாதி என்று கிளைத்தது. ஆமாம், நேட்டிவ்வும் ஜாதியும் ஒரே வேரில் முளைத்த சொற்கள்.

அப்போ வீடு வாடகைக்குக் கேட்கும்போது 'நேட்டிவ் எது?' என்கிறார்களே, அது...?

அதேதான். எப்போதும் இல்லை, ஆனால் பல நேரம் அதேதான். முதலில் "நேட்டிவ் எங்கே?" "பாப்பிரெட்டிப்பட்டி பக்கம்." "பக்கம்னா எந்த ஊரு?" ஊரைச் சொன்னதும், "அங்கே எந்தத் தெரு?" மூன்றாவது கேள்வியில் புரிந்துவிடும், ஊரைப் பற்றி அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை என்று. லத்தீன் படித்து அவர் இதைக் கேட்கவில்லை, வேர் தானாக வேலை செய்கிறது.

இந்தக் கேள்விக்கு என் கடைக்கு வருகிற பிள்ளைகள் வைத்திருக்கும் பதில், "தருமபுரிங்க". அதற்குமேல் கேட்டால் மறுபடியும் "தருமபுரிதாங்க". எனக்கு அந்தப் பதில் பிடிக்கும்.

'நேட்டிவ்' என்று ஒருவரை அழைப்பது அவமரியாதையா?

'நேட்டிவ் ஆஃப் தருமபுரி' என்றால் மரியாதைதான். ஊர்ப் பெயர் இல்லாமல் 'எ நேட்டிவ்', 'தி நேட்டிவ்ஸ்' என்று மொட்டையாகச் சொன்னால் நாற்றம் அடிக்கும்.

அந்த நாற்றம் பழையது. நடுக்கால இங்கிலாந்தில் பண்ணையடிமையாகப் பிறந்தவனை லத்தீன் ஆவணங்களில் 'நாடிவுஸ்' என்றுதான் எழுதினார்கள். பிறகு வெள்ளைக்காரன் போன நாட்டிலெல்லாம் அந்த நாட்டுக்காரனுக்கு அது பெயரானது. நம் பக்கத்தையே பாருங்கள். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. பாராமகால் என்பது இந்தக் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமைதான். கேப்டன் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, ஒவ்வொரு உழவரிடமும் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடி போட்டார்கள். மன்றோ பின்னாளில் சென்னை கவர்னர் ஆனார். உயர்ந்த வேலைகளை இந்த நாட்டு ஆட்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். அப்போதும் அவர் நம்மை எழுதிய பெயர் 'நேட்டிவ்ஸ்' தான்.

நம் ஆட்களும் முதலில் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி சென்னையில் தொடங்கிய சங்கத்தின் பெயர் 'மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன்'. பிறகு அந்தச் சொல்லில் ஏளனம் ஏற ஏற, 'இந்தியன்' என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

இதற்கு ஒரு பங்காளியும் உண்டு: 'வெர்னாக்குலர்'. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்ட 1878-இல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரே வெர்னாக்குலர் பிரஸ் ஆக்ட். லத்தீனில் 'வெர்னா' என்றால் வீட்டிலேயே பிறந்த அடிமை. 'வெர்னாக்குலர் மீடியம்' என்று இன்றும் சில விண்ணப்பங்களில் பார்க்கிறேன். தமிழ் மீடியம் என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?

'நேட்டிவ் ஆஃப்', 'நேட்டிவ் டு' – எது எங்கே?

ஆளுக்கு ஆஃப், செடிகொடிக்கும் விலங்குக்கும் டு. ராஜாஜி தொரப்பள்ளிக்கு 'ஆஃப்', மாமரம் தெற்காசியாவுக்கு 'டு'.

நாட்டுத் தக்காளி, நாட்டு மாடு என்பதெல்லாம் 'நேட்டிவ்' தானே?

விதைக் கடைக்காரர் பாக்கெட்டில் அப்படித்தான் அச்சடிக்கிறார். தாவரவியல் படித்தவரிடம் காட்டினால் சிரிப்பார்.

பாலக்கோடு சந்தைக்கு அதிகாலையில் போனால் கிரேடு கிரேடாகத் தக்காளி அடுக்கியிருக்கும். அதில் கொஞ்சம் புளிப்பாக, தோல் மெல்லியதாக, சப்பையாக இருப்பதை நாட்டுத் தக்காளி என்பார்கள். தக்காளியின் பிறப்பிடமோ தென்னமெரிக்கா. போர்ச்சுகீசியர் கொண்டுவரும்வரை இந்த மண் அதைப் பார்த்ததில்லை. சரி, தக்காளியை விடுங்கள், ராகி? காலையில் கூழும் மத்தியானம் களியும் இல்லாமல் நம் பாட்டன் வளர்ந்திருப்பானா? அந்தக் கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் முதலில் பயிரானது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்துவிட்டதால் யாரும் அதனிடம் நேட்டிவ் கேட்பதில்லை.

எல்லாவற்றையும் விட வேடிக்கை புளி. மாசி, பங்குனியில் ஊர் ஊராகத் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நகக்கண் எல்லாம் கறுத்துப் போயிருக்கும். அந்தப் புளிக்கு அரபிக்காரர்கள் வைத்த பெயர் 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை. அதுதான் ஆங்கிலத்தில் டாமரிண்ட் ஆனது. தாவரவியல் பெயரிலும் 'இண்டிகா' என்று இந்தியாவை ஒட்டிவிட்டார்கள். மரத்தின் பிறப்பிடம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. சான்றிதழில் இந்தியா, பிறந்தது வேறு இடம். மேலே சொன்ன பையன் கதைதான்.

இதனால் 'நாட்டு' என்ற சொல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நம் 'நாட்டு'வுக்கு எதிர்ச்சொல் 'சீமை'. ஒட்டுரகமோ கம்பெனி விதையோ இல்லை, நாமே விதை எடுத்து வைத்தது என்பதுதான் அதன் பொருள். எங்கே முதலில் பிறந்தது என்பது அதன் கவலை இல்லை. ஆங்கிலத்தில் இப்படி வந்து வேரூன்றியதற்கு 'நேச்சுரலைஸ்டு' என்று தனிச் சொல் இருக்கிறது. வெளிநாட்டில் குடியுரிமை வாங்குவோருக்கும் அதே சொல்தான்.

மாட்டில் மட்டும் கொஞ்சம் கவனம். பென்னாகரம், ஒகேனக்கல் காட்டோரத்து ஆலம்பாடி மாடு நிஜமாகவே இந்தப் பக்கத்து இனம். பர்கூர் மாடு என்று செவலையும் வெள்ளைத் திட்டுமாக ஒன்று உண்டே, அதை நம் கிருஷ்ணகிரி பர்கூர் என்று நினைத்துப் பெருமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே உள்ள பர்கூர் மலை.

இண்டிஜினஸ், எண்டமிக் – இவையும் இதே அர்த்தமா?

பக்கத்து வீடுகள். இண்டிஜினஸ் என்றால் அந்த மண்ணுக்கே உரிய, வெளியிலிருந்து வராத. மனிதர்களைச் சொல்லும்போது பழங்குடியினர். எண்டமிக் என்றால் ஓர் இடத்தோடு ஒட்டியே இருப்பது. உயிரினமானால் வேறெங்கும் இல்லாதது, நோயானால் அந்தப் பகுதியில் நிலையாக இருப்பது. தருமபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருந்து பல் மஞ்சளாகும், எலும்பு வளையும். அதை மருத்துவ அறிக்கைகளில் 'எண்டமிக் ஃப்ளோரோசிஸ்' என்று எழுதுவார்கள். ஒகேனக்கல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்ததே இதற்காகத்தான். எண்டமிக்கை எபிடெமிக் என்று படித்துவிட்டு, தொற்றுநோய் என்று பயந்து வந்த ஓர் அம்மாவுக்கு இதை விளக்கவே அரை மணி நேரம் ஆனது.

பழங்குடி என்றதும் ஒன்று. சித்தேரி மலையிலிருந்து வரும் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று இருக்கும். மலையில் ஆள்பவர், மலைவாழ் மக்கள் என்ற பொருளில். பெங்களூரு கம்பெனியில் அதைப் பார்த்துவிட்டு 'நேட்டிவ் கேரளாவா?' என்று கேட்டார்களாம். அவர்களுடைய சொந்த வழிவழிக் கதையோ முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்கிறது.

வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். 'நேட்டிவ் தமிழ் ஸ்பீக்கர் தேவை' என்ற வேலைக்கு நான் போடலாமா?

ஓசூர்ப் பெண் ஒருவர் கேட்டது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சந்தையில் கன்னடம், பக்கத்து வீட்டில் உருது என்று வளர்ந்தவர். தாராளமாகப் போடலாம். நேட்டிவ் ஸ்பீக்கர் என்றால் சிறு வயதிலேயே, இலக்கணம் படிக்காமல், காதால் கேட்டு மொழியைப் பிடித்தவர். அது ஒரே மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. சான்றிதழில் தாய்மொழி தெலுங்கு என்று இருப்பது வேறு விஷயம், அதை மாற்றி எழுதாதீர்கள். 'சிறு வயது முதல் தமிழும் பேசுகிறேன், தமிழ் வழியில் படித்தேன்' என்று ஒரு வரி சேர்த்தோம்.

சினிமாவில் 'நேட்டிவிட்டி' என்கிறார்களே?

மண்வாசனை என்று அர்த்தம். 'நம்ம நேட்டிவிட்டிக்கு ஏத்த மாதிரி மாத்தியிருக்காங்க' என்றால் வேற்றுமொழிக் கதையை நம் ஊர்க் கதையாக்கிவிட்டார்கள் என்று பொருள். இது முழுக்க நம் ஊர்த் தயாரிப்பு, ஆங்கில அகராதியில் தேடாதீர்கள். செல்போன்காரர்கள் சொல்லும் 'நேட்டிவ் ஆப்' வேறு. ஆண்ட்ராய்டுக்கென்றே, ஐபோனுக்கென்றே தனியாக எழுதிய செயலி.

கல்யாணமான பெண்ணுக்கு நேட்டிவ் எது? பிறந்த வீடா, புகுந்த வீடா?

புகுந்த ஊரைத்தான் போட வேண்டும் என்று கணவர் பக்கத்திலிருந்து குரல் வரும். நான் பெண்ணைத்தான் பார்ப்பேன். சொல்லின் பொருளே பிறப்பு, கல்யாணத்தால் அது மாறாது. முகவரி மாறும், ரேஷன் கார்டு மாறும். பிறந்த வீட்டு ஊரைப் போட்டால் யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

பிறந்த ஊருக்குப் போய் முப்பது வருஷம் ஆகிறது. இன்னும் அதுதான் நேட்டிவ்வா?

கணக்குப்படி அதுதான். சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா பிறந்தது 1884-இல் வத்தலக்குண்டில். சிறை, தொழுநோய், ஊர் ஊராக அலைச்சல் எல்லாம் பட்டு, கடைசியில் நம் தருமபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டிக்கு வந்து, பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்ற கனவோடு 1925-இல் அங்கேயே கண்மூடினார். விண்ணப்பத்தில் அவர் வத்தலக்குண்டு என்றுதான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் பாப்பாரப்பட்டியில் போய், அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுப் பாருங்கள். "எங்க ஊருதான்" என்பார்கள். மணிமண்டபத்துக்கு வழியும் சொல்லி அனுப்புவார்கள்.